பட்டத்து இளவரசனும் ஊர் தள்ளி வைத்தவளும்

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், ஆங்கில நாவல்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடையில் நின்றுகொண்டு ஐந்தாறு புத்தகங்களின் பின்னட்டைகளை வரிசையாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, எதை எடுத்தாலும் ஒரு இளவரசன், ஊர் ஒதுக்கி வச்ச ஒரு பொண்ணு. இல்லாட்டி ஒரு இளவரசி, ஊரை விட்டுத் துரத்துன ஒரு பையன். ஏன் எல்லாரும் இதையே எழுதுறாங்க?"

அன்றைக்கு இருந்த கூட்டத்தில் நின்று பேச முடியவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்த வகைக் கதைகளை இப்போதுதான் படிக்கத் தொடங்கும் யாருக்கும், பிள்ளை கையில் இருக்கும் தடிமனான புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று யோசிக்கும் அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளவரசனும் ஒதுக்கப்பட்டவளும் எதிரெதிர் ஆட்கள் மாதிரித் தெரிவார்கள், ஆனால் இரண்டு பேரையும் உண்டாக்கியது ஒரே விதி. பிறந்த கணத்திலேயே ஒரு குழந்தைக்கு எல்லாவற்றையும் கொடுக்கிற அதே சட்டம்தான் இன்னொரு குழந்தையிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறது. அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் அந்தச் சட்டத்தின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருவது இதற்காகத்தான்.

சரி, முதலில் இந்த வகை என்ன என்று பார்ப்போம். கடைகளில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரி போட்டிருப்பார்கள், சுருக்கமாக ஒய்.ஏ. ஏறக்குறைய 12 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுவது. வாங்கிப் படிப்பவர்களில் முப்பது வயதுக்காரர்களும் நிறைய உண்டு. எளிமையான மொழி என்பது இதன் அடையாளம் இல்லை, பல ஒய்.ஏ. நாவல்கள் பெரியவர்களையே திணறடிக்கும். அடையாளம் வேறு: கதை அந்த வயதுக்குள்ளிருந்தே சொல்லப்படும். "அப்போது எனக்குப் பதினாறு வயது, எவ்வளவு அறியாப் பிள்ளையாக இருந்தேன்" என்று பின்னால் நின்று திரும்பிப் பார்க்கும் பெரியவர் குரல் பெரும்பாலும் இருக்காது. எல்லாமே முதல் முறை நடக்கும், முதல் துரோகம், முதல் முடிவு, பெற்றவர்கள் சொன்னது தப்பு என்று முதல் முறையாகத் தெரிய வரும் நாள்.

நம்மில் பலர் அம்புலிமாமாவில் இளவரசர்களோடு வளர்ந்தவர்கள். 1947 ஜூலையில் இதே சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய பத்திரிகை அது. அந்தக் கதைகளில் இளவரசனை நாம் வெளியிலிருந்து பார்ப்போம். குதிரை ஏறுவான், காட்டுக்குப் போவான், ஜெயித்துத் திரும்புவான். அவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா வராதா என்று யாரும் கேட்டதில்லை. மந்திரமும் கற்பனை நாடும் வருகிற ஒய்.ஏ. கதைகள், ஃபேண்டஸி என்பார்கள், தொடங்குவதே அந்தத் தூக்கம் வராத ராத்திரியில்தான்.

இனி வாரிசு. அரசனும் வாரிசும் ஒன்றில்லை, இதைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்த மாதிரி. அரசனிடம் அதிகாரம் இருக்கிறது. வாரிசிடம் வசதி மட்டும்தான் இருக்கிறது, அதிகாரம் இன்னும் கைக்கு வரவில்லை. அவன் காத்திருக்கிறான், அவன் காத்திருப்பது என்னவோ தன் அப்பாவின் சாவுக்கு. அந்த ஒரு விஷயமே ஒரு பதினேழு வயதுப் பையன் நெஞ்சில் எவ்வளவு பாரமாக உட்காரும்! அவன் என்ன ஆக வேண்டும் என்பது அவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்குள் எந்த காலேஜ், எந்த குரூப் என்று வீட்டில் பேசி முடித்துவிடுகிற ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிரீடம் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வாரிசு எப்படித் தீர்மானமாகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அந்த விதி மாறினால் கதையே மாறிவிடும். சோழர்கள், அரசன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். இராஜராஜன் 1012-இல் இராஜேந்திரனுக்குச் செய்தது அதுதான். திருவிதாங்கூரில் பட்டம் மன்னரின் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். 1729-இல் மார்த்தாண்ட வர்மா மன்னரானது அந்த முறையில்தான், முந்தைய மன்னரின் சொந்த மகன்கள், தம்பிமார் என்று சொல்வார்கள், எதிர்த்து நின்றார்கள். யோசித்துப் பாருங்கள், அரண்மனையிலேயே பிறந்து, அரசனை "அப்பா" என்று கூப்பிட்டு வளர்ந்தும் சிம்மாசனத்துக்கு உரிமை இல்லாத பிள்ளைகள். நல்ல ஃபேண்டஸி எழுத்தாளர் இப்படி ஒரு விதியை முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் போட்டுவிடுவார், அதன் மேல்தான் மொத்தக் கதையும் நிற்கும்.

அடுத்து, ஒதுக்கப்பட்டவர். இங்கேதான் தமிழில் படிக்கிற நமக்கும் வேறெங்கோ உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைக்கிறேன்.

இந்த நாவல்களில் ஒதுக்கப்பட்டவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருவார். பிறப்பாலேயே வெளியே வைக்கப்பட்டவர் ஒரு வகை. ஏதோ செய்ததாகப் பழி சுமத்தித் துரத்தப்பட்டவர் இன்னொரு வகை. மூன்றாவது, உடம்பில் ஒரு குறி, தடை செய்யப்பட்ட ஒரு சக்தி, தப்பான நிறத்தில் கண், இப்படி ஏதோ ஒன்று இருப்பதால் ஊரே பயப்படுகிற ஆள். வேறு ஊரில் இருந்து படிப்பவருக்கு இது ஒரு கற்பனையாக இருக்கலாம். நமக்கு "ஊரை விட்டுத் தள்ளி வைப்பது" என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். கடையில் சாமான் கொடுக்க மாட்டார்கள். பொதுக் குழாயில், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். முடி வெட்டுகிறவர் வரமாட்டார், சலவைக்குத் துணி வாங்க மாட்டார்கள், சாவு விழுந்தால் தூக்க நான்கு பேர் வரமாட்டார்கள். பேசினவருக்கும் அபராதம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஆனால் ஒரு குடும்பத்தை மூச்சு முட்ட வைக்க இது போதும். பிறப்பை வைத்து ஒரு தெருவையே தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தியது இதைவிடப் பெரிய கொடுமை. ஒரு நாவலில் "அவள் ஒதுக்கப்பட்டவள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் அவள் அழகை வர்ணிக்கப் போனால் எனக்குக் கோபம் வரும். அவள் தண்ணீர் எங்கே எடுக்கிறாள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஒரு உதாரணக் கதையை நானே கட்டுகிறேன், இனிச் சொல்லப் போவதெல்லாம் அதை வைத்துப் புரியும்.

கடலோரத்தில் ஒரு நாடு, மதிலுக்கு உள்ளே நகரம், வெளியே உப்பளம். பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளையும் கோயில் குளத்தில் கையை நனைக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் நகரத்தில் இருக்கலாம். கலங்கினால் அன்று மாலைக்குள் மதிலுக்கு வெளியே. காயா என்ற பெண்ணுக்குத் தண்ணீர் கலங்கியது. அம்மா கையில் ஒரு சொம்பும் மாற்றுத் துணியும் கொடுத்து வாசல் வரை வந்தாள், அதற்கு மேல் வரவில்லை. அதே வருஷம் பட்டத்து இளவரசன் ஆதனுக்கும் தண்ணீர் கலங்கியது. ராஜகுரு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, குளத்தை மறுபடி இறைத்து, நல்ல நாள் பார்த்து, ஊர் கூடி நிற்க இன்னொரு சடங்கு நடத்தினார். இந்த முறை நனைத்தது வேறொரு பையனின் கை, பட்டுத் துணிக்குள்ளிருந்து. ஆதனுக்கு அது தெரியும். ஐந்து வருஷமாகத் தெரியும்.

பார்த்தீர்களா, ஒரே குளம். இரண்டு பேரும் உள்ளுக்குள் ஒன்றுதான், அவனுக்கு மறைக்க ஆள் இருந்தது, அவளுக்கு இல்லை. இப்போது அவர்கள் இரண்டு பேரும் சந்தித்தாலே போதும், கதை தானாக ஓடும். அவன் பொய் அவள் முன்னால் நிற்காது. அவள் கோபம் அவனைப் பார்த்ததும் எங்கே பாய்வது என்று தெரியாமல் தடுமாறும்.

பணக்காரப் பெண், ஏழைப் பையன் என்று நம் சினிமா ஐம்பது வருஷமாகச் சொல்லி வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. பணத்தைச் சம்பாதிக்கலாம், ஒரே பாட்டுக்குள் லாரி ஓனர் ஆகிவிடலாம். பிறப்பைச் சம்பாதிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கதைகளில் உழைத்து முன்னேறுவது ஒரு தீர்வாக வருவதே இல்லை, ஒன்று சட்டம் மாற வேண்டும், இல்லை யாராவது அழிய வேண்டும்.

இரண்டு பேரையும் சந்திக்க வைக்க வழக்கமான சில ஏற்பாடுகள் உண்டு. ஆள்மாறாட்டம், ஒரே பயணத்தில் மாட்டிக்கொள்வது, ஒருவரைக் கொல்ல இன்னொருவரை அனுப்புவது. வாசகர்கள் இதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள், 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்', அதாவது எதிரிகள் காதலர்களாவது, அதில் ரொம்பப் பிரபலம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சொல்ல வேண்டியது இரட்டைக் குரல் பற்றி. இந்த வகை நாவல்கள் பலவற்றில், ஒரு அத்தியாயம் அவன் சொல்வான், அடுத்தது அவள் சொல்வாள், தலைப்பிலேயே பெயர் இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் இது ஏதோ அலங்காரம் என்று வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நிதானமாகப் பாருங்கள். ஆதன் முதல்முறை மதிலைத் தாண்டி உப்பளத்துக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கோவளம் போகிற வழியில் கேளம்பாக்கம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைக் குவியல், வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். ஆதன் தன் அத்தியாயத்தில், பூமி மேல் மேகம் இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று சொல்வான், அரண்மனையில் யாரும் இந்த அழகைத் தனக்குச் சொன்னதே இல்லை என்று வருத்தப்படுவான். அடுத்த அத்தியாயம் காயாவுடையது. அவள் சொல்வது இவ்வளவுதான்: "அவன் கையை நெற்றியில் வைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்காலத்துக்குள் கண் எரியும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது."

ஒரே இடம், ஒரே வெயில். அவன் பார்க்கிறான், அவள் அதில் வேலை செய்கிறாள். இந்த இரண்டு பத்தியும் அடுத்தடுத்து இருப்பதால்தான் அநீதி என்ற சொல்லையே பயன்படுத்தாமல் எழுத்தாளர் அதைக் காட்டிவிடுகிறார். கதவைக் கவனியுங்கள், சாப்பாட்டைக் கவனியுங்கள். கதவுக்கு முன்னால் வந்ததும் யாராவது திறப்பார்கள் என்று ஒரு கணம் நிற்கிறவன் யார், அறைக்குள் வந்ததும் வெளியே போகிற வழிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறவள் யார். நல்ல நாவலில் இதெல்லாம் முந்நூறாம் பக்கத்தில் மாறியிருக்கும், சத்தமில்லாமல்.

மாயசக்தி பற்றி ஒரு வார்த்தை. ஃபேண்டஸி என்றாலே மந்திரம்தான் முக்கியம் என்று நினைக்க வேண்டாம். மந்திரம் யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை, அதைப் பயன்படுத்தினால் என்ன விலை, இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் போதும். பெரும்பாலும் அரச குடும்பத்தின் கையில் இருக்கும்போது அதற்கு 'வரம்' என்று பெயர், மதிலுக்கு வெளியே ஒருத்தியிடம் இருந்தால் அதே சக்திக்கு 'சாபம்' என்று பெயர்.

மதில் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஃபேண்டஸி நாவல்களின் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும், கோட்டை, மதில், மதிலுக்கு வெளியே ஒரு குடியிருப்பு. சென்னைக்காரர்களுக்கு அந்த வரைபடம் புதிதே இல்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே வடக்கில் நம் ஆட்கள் இருந்த இடத்துக்கு கறுப்பர் நகரம் என்றே பெயர். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய அந்தக் காலத்தில், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமானது. குடியிருப்பு இன்னும் வடக்கே தள்ளிப் போனது, காலியான வெளியில் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. அந்த வெட்டவெளியில் யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கம் நிற்கிறது, பஸ் பிடிக்க ஓடும் அவசரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு அங்கே குடியிருந்தவர்களிடமே வரி கேட்டார்கள், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்தது அதனால்தான். பிற்பாடு அந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். 1906-இல் பட்டத்து இளவரசராகச் சென்னைக்கு வந்துபோய், பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரின் பெயர் அது. மதிலுக்கு வெளியே வைத்திருந்த ஊருக்கு ஒரு வாரிசின் பெயர். ஒரு நாவலில் வந்திருந்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லியிருப்போம்.

இனி முடிவு. ஒரு நாவல் நல்லதா இல்லையா என்று நான் முடிவு செய்வது இங்கேதான்.

இந்த வகையில் ரொம்ப அதிகமாக வரும் முடிவு எது தெரியுமா? ஒதுக்கப்பட்ட பெண் உண்மையில் தொலைந்துபோன இளவரசி. முதுகில் ஒரு மச்சம், கழுத்தில் ஒரு தாயத்து, கிழவி ஒருத்தி வந்து உண்மையைச் சொல்கிறாள், எல்லோரும் மண்டியிடுகிறார்கள். படிக்கும்போது கண் கலங்கும், எனக்கும் கலங்கியிருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து யோசித்தால் மோசம் போன மாதிரி இருக்கும். அவளை மதிக்கக் காரணம் அவள் ரத்தம்தான் என்று கதை சொல்லிவிட்டதே! அப்படியென்றால் உப்பளத்தில் இருக்கிற மற்றவர்கள்? அவர்களுக்குத் தாயத்து இல்லையே. நானூறு பக்கம் எதிர்த்த விதியைக் கடைசிப் பத்துப் பக்கத்தில் சரியென்று ஒப்புக்கொண்டாயிற்று.

நம்மிடம் இதைவிட நல்ல முடிவுகள் எப்போதோ சொல்லப்பட்டிருக்கின்றன. கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரிசும் ஒதுக்கப்பட்டவனும் அவன் ஒருவனுக்குள்ளேயே இருக்கிறார்கள், குந்தியின் மூத்த மகன், தேரோட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளை. உண்மை அவனுக்கும் வெளிப்படுகிறது, கிருஷ்ணன் வந்து, நீதான் மூத்தவன், நாடு உனக்கு என்று சொல்கிறான். அவன் மறுத்துவிடுகிறான். ராதை வளர்த்த கையை விட்டுவிட்டு, துரியோதனன் கொடுத்த இடத்தை விட்டுவிட்டுப் பிறப்பின் பக்கம் போக அவனுக்கு மனமில்லை. வட தமிழ்நாட்டில் கர்ண மோட்சம் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் ஜனங்கள் அவனுக்காக அழுவது அவன் ராஜகுமாரன் என்பதற்காகவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். பெற்றவள் போட்டுவிட்டுப் போன குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது. பிறகு ஒரு அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை அந்தப் பையன் ராத்திரியில் அவிழ்த்துக் கொண்டுபோனான், பிடிபட்டான், அடித்தார்கள், அவன் பிறப்பைச் சொல்லி இழித்துப் பேசினார்கள், வளர்த்தவரும் கைவிட்டார். மதுரைக்கு வந்து பிச்சை எடுத்து, குருடர், முடவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்டான். அவன் கைக்குத்தான் அமுதசுரபி வந்தது. ஒரு காலத்தில் மழை பொழிந்து நாடு செழித்து, அவனிடம் சோறு வாங்க ஆளே இல்லாமல் போயிற்று. கடல் கடந்த சாவக நாட்டில் பசி என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விட்டது. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து இறந்தான். அடுத்த பிறவியில் அதே சாவகத்தில் அரசன் எடுத்து வளர்த்த மகனாகிப் பட்டத்துக்கு வந்தான், புண்ணியராசன்.

இதுவும் ஒதுக்கப்பட்டவன் வாரிசாகிற கதைதானே என்று தோன்றும். ஆனால் இங்கே தாயத்து இல்லை, மறைந்திருந்த ராஜ ரத்தம் இல்லை. அவன் அரசனானது சோறு போட்ட கைக்காக. அப்புறம் ஒரு காட்சி இருக்கிறது. காப்பியத்தின் நாயகி மணிமேகலை அழைத்தபடி அந்த அரசன் மணிபல்லவத்துக்கு வருகிறான். அங்கே புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டச் சொல்கிறார்கள். தோண்டினால் உள்ளே எலும்புக்கூடு, முற்பிறவியில் பட்டினி கிடந்து செத்த அவனுடைய எலும்புக்கூடு. முடி சூடிய ஒருவன், ஊர் துரத்திய தன்னையே மணலுக்கடியில் பார்த்துக்கொண்டு நிற்கிறான். துறவு பூண நினைத்தவனை மணிமேகலை, நீ திரும்பிப் போய் நாட்டைப் பார் என்று அனுப்புகிறாள்.

ஆதன், காயா கதையை நான் எழுதினால் இந்த மணலுக்குப் பக்கத்தில் எங்கேயாவதுதான் முடிப்பேன். காயாவுக்கு மகுடம் வேண்டாம். ஆதன் ஊர் பார்க்க, பட்டுத் துணி இல்லாமல், அந்தக் குளத்தில் தன் கையை நனைக்கட்டும். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது இரண்டாம் பாகம்.

பெரம்பூர் வீட்டுக்குப் போனபோது அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். எலும்புக்கூடு வந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது நிஜமாவே நம்ம புக்ல இருக்கா சித்தி? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மணிமேகலையில் 13, 14, 25 ஆகிய காதைகள், அத்தியாயங்கள் மாதிரி. மூலம் கொஞ்சம் கடினம், உரையோடு உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.